மிதிவண்டியும் மனித வலுவும்

நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை வழியாகக் களியக்காவிளைக்கு வரும் சாலையை, வெளிமாநிலங்களில் வாழும் உங்களுள் சிலரேனும் அறிந்திருப்பீர்கள். 1956 நவம்பர் முதல் நாள் விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆயினும் மேடும் பள்ளமும் எல்லையின் இருபுறமும் ஒன்றே. இச்சாலையில் மிதிவண்டி மிதிப்பவன் செலவிடும் வலு எவ்வளவு என்பதை இன்று கணக்கிட்டுப் பார்ப்போம்.

வலுவை வாட் என்னும் அளவால் அளக்கிறோம். பத்துக் கிலோ எடையை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயர்த்துவதற்கு ஏறத்தாழ 100 வாட் வேண்டும். உழைத்துப் பழகிய ஒருவர் ஒரு மணி நேரம் தளராமல் தரக்கூடியதும் ஏறக்குறைய அவ்வளவே.

ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ என்போம். காற்று வீசாத சமதரையில், நிமிர்ந்து அமர்ந்து மணிக்கு 10 கிலோமீட்டர் செல்ல 25 வாட் போதும். 15 கிலோமீட்டருக்கு 55, இருபதுக்கு 100, முப்பதுக்கோ 260-க்கும் மேல்! டயரின் உராய்வுக்கு ஈடுகொடுக்கும் வலு வேகத்துக்கு ஏற்ற அளவே கூடுகிறது. காற்று அப்படியன்று. வேகம் இருமடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்கு. அதை வெல்லும் வலு எட்டு மடங்கு. எதிர்க்காற்று மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் வீசுமாயின், அதே 15 கிலோமீட்டர் வேகத்திற்கு 130 வாட் கேட்கும்.

பத்துக் கிலோமீட்டரை 40 நிமிடத்தில் கடப்பவனைவிட, 30 நிமிடத்தில் கடப்பவன் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிகுதியாக உழைக்கிறான். உண்ட உணவின் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்கே மிதிகட்டைக்கு வந்து சேரும். எஞ்சியது வெப்பமாகவும் வியர்வையாகவும் போய்விடும். கூலி வேலைக்கு விரையும் ஏழைக்கு, அந்தப் பத்து நிமிடத்தின் விலை ஒரு கவளச் சோறு.

ஏற்றத்தில் கணக்கே மாறுகிறது. அங்கே காற்று பொருட்டன்று, எடையே பகை. நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயரும் சாலையில், மணிக்கு 8 கிலோமீட்டர் ஏற 110 வாட் வேண்டும். பின்னால் 40 கிலோ வாழைக்குலை கட்டியிருந்தால் 160. ஆகவேதான் குலை கொண்டுபோகிறவர் மேட்டில் இறங்கித் தள்ளுகிறார். இதைச் சோம்பல் என்று நகைப்பாரும் உண்டு. அவர்கள் ஒருமுறை சுமையேற்றி மிதித்துப் பார்க்கட்டும். நடந்து, வேகத்தைப் பாதியாக்கினால், மேடேறும் வலுவும் பாதியாகிவிடுகிறது.