வடிந்த நீரும் அல்லாஹ்வின் நிஃமத்தே



நம் தஞ்சைப் பகுதியின் வலீமா விருந்துகளிலும் இன்று பனீர் இடம்பெற்றுவிட்டது. ஒரு கிலோ பனீருக்கு ஏறத்தாழ 6 லிட்டர் பாலைத் திரிக்கிறோம். சுமார் 5 லிட்டர் நீர் வடிகிறது. பாலின் சர்க்கரையில் பெரும்பகுதியும் சிறிது புரதமும் அந்நீரிலேயே தங்கிவிடுகின்றன.

அதை வாய்க்காலில் கொட்டினால், அந்தச் சத்தை உண்ணும் நுண்ணுயிர்கள் பெருகி, நீரிலுள்ள பிராணவாயுவைத் தீர்த்துவிடும். மீன்கள் மூச்சுத் திணறி மடியும். ஆற்றில் விடும் கழிவுநீரின் பிராணவாயுத் தேவை லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது அரசு வரம்பு. இந்நீரிலோ அது 30,000ஐயும் தாண்டும்.

தலைமடையில் நாம் கொட்டுவது கடைமடையாரின் வயலுக்கும் மாட்டுக்கும் போய்ச் சேருகிறது. ஓடும் ஆற்றில் உளூச் செய்தாலும் விரயம் கூடாது என்று கற்றவர்கள் நாம். அண்டை அயலார் யாராயினும், அவர் உரிமையைக் கெடுத்தால் அவரல்லவா மன்னிக்க வேண்டும்?

ஆகவே, வீட்டில் வடிந்த நீரில் சப்பாத்தி மாவு பிசையுங்கள், குழம்பில் சேருங்கள். விருந்து நாளில் மிகுந்தால், புளிக்கும் முன்பே மாடு வளர்ப்போரிடம் கொடுங்கள். அவர்கள் அளவாக வைப்பார்கள். பனீர்த் தொழில் செய்வோரே, சுத்திகரிக்காமல் வெளியே விடாதீர்கள்!

வல்ல அல்லாஹ் நம்மை வீண்விரயத்திலிருந்து காப்பானாக! ஆமீன்.