"புரியவில்லை" என்று சொல்ல விடுவோம்

(நமது மாலை நேர வகுப்பு ஆசிரியர்கள், மக்தப் உஸ்தாதுமார்கள் கலந்துகொண்ட கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



வரவு செலவு பேச உங்களை அழைக்கவில்லை. ஒரு பிள்ளையைப் பற்றிப் பேச அழைத்தோம். சென்ற ஆண்டு நம் மாலை வகுப்பில் எட்டாம் வகுப்பு மாணவர் ஒருவர், மைனஸை மைனஸால் பெருக்கினால் பிளஸ் எப்படி வரும் என்று கேட்டார். "விதி அப்படித்தான், எழுது" என்று பதில் வந்தது. மறுபடியும் கேட்டார். "உனக்கு மட்டும்தான் சந்தேகம் வருமா?" என்றதும் வகுப்பே சிரித்தது. மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. வாப்பா வெளிநாட்டில். பிள்ளை வகுப்புக்குத்தான் போகிறது என்று உம்மா நினைத்திருந்தார். நாங்கள் தேடிப் போனபோது ஒரு செல்போன் கடையில் நின்றுகொண்டிருந்தார்.

அந்த ஆசிரியரைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. அரையாண்டுத் தேர்வுக்குள் பாடத்தை முடிக்கச் சொல்லி நெருக்கியது நிர்வாகம்தான். ஆண்டறிக்கையில் தேர்ச்சி பெற்றவர்களின் எண்ணிக்கையை அச்சிடுகிறோம். வகுப்பை விட்டு நின்ற பிள்ளைகள் ஏன் நின்றார்கள் என்று ஒரு வருடமும் எழுதியதில்லை.

"கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் ஹஜ்ரத்" என்று சொல்லித்தான் நம்மில் பலரை ஓத அனுப்பினார்கள். அந்தப் பிரம்பால்தான் உருப்பட்டோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். பிரம்புக்குப் பயந்து பாதியில் ஓடியவர்கள் இந்தச் சபையில் இல்லை. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளையை அடிக்கவும் கூடாது, மனம் நோகச் செய்யவும் கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. சட்டம் வருவதற்கு எவ்வளவோ முன்பே நமக்குக் காட்டித் தரப்பட்ட வழிதான் இது.

புகாரியில் கல்வி பற்றிய பாடத்தில் வரும் ஹதீஸை உஸ்தாதுமார்கள் அறிவீர்கள். நபி (ஸல்) அவர்கள் சபையில் ஒரு விடுகதை போடுகிறார்கள்: இலை உதிராத மரம், முஸ்லிமுக்கு உவமையானது, அது எது? பெரியவர்களின் நினைவெல்லாம் காட்டு மரங்களின் பக்கம் போகிறது. சிறுவரான இப்னு உமர் (ரலி) அவர்களுக்குப் பேரீச்ச மரம் என்று தோன்றிவிட்டது. பெரியவர்கள் இருக்கிறார்களே என்ற வெட்கத்தில் வாய் திறக்கவில்லை. பிறகு தந்தையிடம் சொன்னபோது, நீ அதைச் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ பிரியமாக இருந்திருக்கும் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் பதில் சொன்னார்கள். சிறியவர் பேசியிருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர் யார் பாருங்கள்!

அங்கே விடை தெரிந்த பிள்ளை வெட்கத்தில் பேசவில்லை. ராமேஸ்வரத்திலோ தெரியாத பிள்ளை பேசியது. அப்துல் கலாம் அவர்கள் பல மேடைகளில் சொன்னதுதான். ஐந்தாம் வகுப்பில் சிவசுப்பிரமணிய ஐயர் கரும்பலகையில் பறவையை வரைந்து, அது பறக்கும் விதத்தை விளக்கிவிட்டு, புரிந்ததா என்று கேட்டார். புரியவில்லை என்றார் கலாம். மற்ற பிள்ளைகளும் அதையே சொன்னார்கள். ஆசிரியர் கோபப்படவில்லை. அன்று மாலையே எல்லோரையும் கடற்கரைக்கு அழைத்துப்போய்ப் பறவைகளைக் காட்டினார்.

நம் கணித ஆசிரியரும் பிறகு அந்த மாணவரின் வீட்டுக்கே போனார், அல்ஹம்துலில்லாஹ். "தினமும் உன் பையிலிருந்து ஐந்து ரூபாய் குறைகிறது. அப்படியானால் மூன்று நாளைக்கு முன்னால் இன்றைவிட எவ்வளவு கூடுதலாக வைத்திருந்தாய்?" என்று கேட்டார். பதினைந்து என்றார் பையன். "குறைவது மைனஸ் ஐந்து, பின்னால் போன நாள் மைனஸ் மூன்று. கூடுதலாக இருந்தது பிளஸ் பதினைந்து" என்றார் ஆசிரியர். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பையன் இப்போது வருகிறார். ஆனால் கடைசி வரிசையில்தான் உட்காருகிறார், இன்னும் கேள்வி கேட்கத் தொடங்கவில்லை.

ஆகவே இந்த ஆண்டு ஒவ்வொரு வகுப்பிலும் கடைசிப் பத்து நிமிடம் பிள்ளைகளின் கேள்விக்கு. பாடம் முடியாவிட்டால் நிர்வாகம் உங்களைக் கேட்காது. பதில் தெரியாவிட்டால் "நாளை பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்" என்று தாராளமாகச் சொல்லுங்கள், மறுநாள் மறக்காமல் சொல்லிவிடுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, உங்களைத் திணறவைத்த ஒரு கேள்வியை எழுதி எடுத்து வாருங்கள். ஆண்டறிக்கையில் அவற்றையும் அச்சிடுவோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.