கணக்கு யார் கையில்?

(மாணவர் பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆய்வு முறை, புள்ளியியல் என்று தலைப்பைச் சொன்னதுமே பாதிப் பேர் முகம் சுருங்கிப் போச்சு. கணக்கு உங்களுக்கு வராது என்று பள்ளிக்கூடத்திலேயே நம் தலையில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். முதலில் அந்தப் பொய்யைத் தூக்கி எறியுங்க. அம்பேத்கர் படித்தது பொருளாதாரம். 1918இல் சிறு நில உடைமை பற்றி எழுதினார், 1923இல் ரூபாயின் சிக்கல் பற்றி நூல் கொண்டுவந்தார்.

நம்மை வெகு காலமாக அடுத்தவர்கள்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ரிஸ்லி, மூக்கின் அகலத்தை வைத்துச் சாதிக்கும் இனத்துக்கும் முடிச்சுப் போட்டவர். அம்பேத்கர் என்ன செய்தார்? 1948இல் வெளிவந்த தீண்டப்படாதவர்கள் பற்றிய நூலில் அதே வகையான மூக்களவுக் கணக்கையே கையிலெடுத்து, பார்ப்பனரும் தீண்டப்படாதவரும் வேறு வேறு இனம் என்ற வாதம் நிற்காது என்று காட்டினார். அளந்தவன் சொன்ன முடிவை அவர் அப்படியே வாங்கிக்கொள்ளவில்லை. அளவைத் தானே எடுத்துப் பார்த்தார். நமக்கு இதுதான் முதல் பாடம்.

இப்ப களத்துக்கு வருவோம். ஒரு கிராமத்தில் தீண்டாமை இருக்கா என்று பார்க்கப் போறீங்க. பஸ்ஸை விட்டு இறங்கினதும் ஊர்ப் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் என்ன பதில் வரும்? "அதெல்லாம் அந்தக் காலம் தம்பி." அதைத்தான் எழுதிக்கொண்டு வருவீங்க. யாரிடம் கேட்கணும் என்பதை உங்கள் வசதியோ ஊர்க்காரர் தயவோ முடிவு பண்ணக் கூடாது. ஊர், சேரி இரண்டிலும் எல்லா வீட்டையும் பட்டியல் போட்டு, அதில் சீட்டுக் குலுக்கி எடுக்கணும். மாதிரி எடுப்பது என்றால் இதுதான்.

கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பதும் முக்கியம். 2011-12இல் நடந்த இந்திய மனித மேம்பாட்டு ஆய்வில், உங்க வீட்டில் யாராவது தீண்டாமை பார்க்கிறார்களா என்று கேட்டார்கள். இல்லை என்றவர்களை அதோடு விடவில்லை. தலித் ஒருவர் உங்க சமையலறைக்குள் வந்தால் சம்மதமா என்று அடுத்துக் கேட்டார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சுமார் 27 சதவீத வீடுகள் மாட்டிக்கொண்டன. முதல் கேள்வியோடு நிறுத்தியிருந்தால் இந்த எண் குறைந்திருக்கும். இதுவும் வாயால் ஒத்துக்கொண்டவர்களின் கணக்குத்தான். உண்மை இதைவிடக் கூடுதலாக இருக்கலாமே தவிர, குறைய வழியில்லை.

அடுத்து, எண் எங்கிருந்து பிறக்கிறது என்று கேளுங்க. 2022இல் பட்டியல் சாதியினர் மீதான குற்றங்கள் 57,582 என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். நடந்த வன்கொடுமைகள் அத்தனைதானா? இல்லை. காவல் நிலையத்தில் பதிவான வழக்குகள் அத்தனை. புகாரையே வாங்காமல் விரட்டும் மாவட்டத்தில் எண் குறையும். மக்கள் துணிந்து படியேறும் இடத்தில் எண் கூடும். 'குற்றம் குறைந்துவிட்டது' என்று எவனாவது சொன்னால், குறைந்தது குற்றமா, பதிவா என்று கேளுங்க.

சராசரியும் ஏமாற்றும். ஒரு கணக்குப் போடுவோம். சேரியில் பத்துக் குடும்பம். ஒன்பது குடும்பத்துக்கு மாதம் 6,000 ரூபாய். ஒரு வீட்டில் வாத்தியார், 66,000 ரூபாய். மொத்தம் 1,20,000, சராசரி 12,000. ஆனால் அந்தப் பணம் எந்த வீட்டிலும் இல்லை! வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால் 6,000. அதற்கு இடைநிலை என்று பேர். சராசரியைக் காட்டி 'இவர்கள் முன்னேறிவிட்டார்கள், சலுகை எதற்கு' என்பவனுக்கு இதைப் போட்டுக் காட்டுங்க.

கடைசியாக அறம். அமெரிக்காவில் அலபாமா மாநிலம் டஸ்கிகீயில் 1932இல் மேகநோய் கண்ட 399 கறுப்பின ஆண்களை அந்த அரசின் பொதுச் சுகாதாரத் துறை ஆய்வுக்கு எடுத்தது. என்ன நோய் என்று அவர்களிடம் சொல்லவில்லை. 1940களில் பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. செத்தால் அறுத்துப் பார்க்கக் காத்திருந்தார்கள். 1972இல் பத்திரிகையில் அம்பலமான பிறகுதான் நிறுத்தினார்கள். நடத்தியவர்கள் படித்த டாக்டர்கள்.

அது வெள்ளைக்காரன் பண்ணியது, நாம நம்ம ஜனங்க என்று சும்மா இருந்துவிடாதீங்க. எதுக்கு வந்தோம், எங்கே அச்சாகும் என்று சொல்லி, சம்மதம் வாங்கிய பிறகு பேனாவைத் திறக்கணும். ஒரு அக்கா "இதை எழுதிக்காதீங்க" என்றால் எழுதக் கூடாது. நீங்க மாலை பஸ்ஸில் திரும்பிடுவீங்க. அவங்க காலையில் அதே ஆண்டை நிலத்துக்குத்தான் கூலிக்குப் போகணும். பேரை மாற்றினால் போதாது. எந்தத் தெரு, எந்த வேலை என்பதை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவான்.

இன்னொன்று, இது நமக்குக் கசக்கும். நியாயம் நம் பக்கம் இருக்கிறது என்பதற்காக எண்ணை ஊதக் கூடாது. இருபது டீக்கடை பார்த்து எட்டில் தனிக் குவளை இருந்தால் எட்டு என்றே எழுதுங்க. பதினெட்டு என்று எழுதி, ஒரு கடையில் பொய் என்று தெரிந்தால் போதும், உண்மையான எட்டையும் சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுவான். அவமானப்பட்டவன் வாக்குமூலமும் அதோடு போகும்.

முடித்த கணக்கை முதலில் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டு போகாதீங்க. எடுத்த சேரியிலேயே உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்க. தப்பு இருந்தால் அவங்க சொல்வாங்க. திருத்திக்கொண்டு பிறகு அச்சுக்குக் கொடுங்க.