பழைய துணி, புது விலை

பழைய சேலைகளை அடுக்கிக் கையால் தைத்த போர்வை உங்களில் பலர் வீட்டில் இருந்திருக்கும். அதைத் தைத்து விற்கிறவர்கள் தடுமாறுவது விலையில்தான். "பழைய துணிதானே?" என்று கேட்டால் என்ன சொல்வது?

பதில் ஓர் ஊரின் கதையில் இருக்கிறது. அமெரிக்காவில், அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஓர் ஊர். மூன்று பக்கமும் ஆறு. அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களின் வழிவந்தவர்கள் வாழும் ஊர். வயலில் உழைத்து நைந்த கால்சட்டையைக்கூட அந்தப் பெண்கள் எறியமாட்டார்கள். வெட்டி, ஒட்டுப்போட்டு, குளிருக்குப் போர்வை தைப்பார்கள். 1966-ல் அந்த வட்டாரப் பெண்கள் ஒரு கூட்டுறவு அமைத்தார்கள். ஓட்டுரிமை கேட்டதற்காகவே மக்கள் வேலையையும் வீட்டையும் இழந்த காலம் அது. எவ்வளவு துணிச்சல் பாருங்கள்! போர்வைகள் நியூயார்க்கில் ஏலம் போயின. பிறகு அருங்காட்சியகங்களில் தொங்கின. 2006-ல் அமெரிக்க அஞ்சல் தலைகளிலும் வந்தன.

துணி அதே பழைய துணிதான். விலை கைக்கு. மறுபடியும் சொல்கிறேன், விலை கைக்கு.

ஊறுகாய் போட்டு விற்கிறவர் மாங்காய் விலையை மட்டுமா பார்க்கிறார்? போர்வைக்கும் அப்படித்தான். நூல், அடித்துணி, துவைத்த செலவு எல்லாம் எழுதுங்கள். முக்கியமாக, ஊசியை எடுத்த நேரம், வைத்த நேரம். இரண்டையும் தினமும் ஒரு நோட்டில் குறியுங்கள். ஒரு போர்வை முடிந்ததும் கூட்டிப் பாருங்கள். விலை பேச வருகிறவரிடம் அந்த நோட்டையே காட்டலாம்.