இரண்டு காதல்கள், ஒரு கடதாசி



ஒருவர் இங்கே வளைகுடாவில், மற்றவர் ஊரிலோ முகாமிலோ என்று பிரிந்திருந்த காலத்தை நம்மில் பல தம்பதியர் கண்டிருக்கிறோம். விவாகப் பதிவுச் சான்றிதழை அத்தாட்சிப்படுத்தி, குடும்ப விசாவுக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த நாட்களை எளிதில் மறக்க முடியாது. அந்த நினைவோடு, போர்க்காலக் காதலைச் சொன்ன இரண்டு திரைப்படங்களைப் பற்றி இன்று பேசலாம்.

முதலாவது, 1942இல் வெளிவந்த ஹொலிவூட் படமான ‘கசாபிளாங்கா’. ஹிட்லரின் படைகளுக்கு அஞ்சி ஐரோப்பாவை விட்டு ஓடி வந்தவர்கள், மொரோக்கோவின் கசாபிளாங்கா நகரில் வெளியேறும் விசாவுக்காகக் காத்துக் கிடக்கிறார்கள். வெளியேறவும் அனுமதி வேண்டுமா என்று வியக்க வேண்டாம். கத்தாரில் பெரும்பாலான தொழிலாளருக்கு அந்த விதியை நீக்கும் சட்டம் வந்தது 2018இல்தான்.

மதுச்சாலை நடத்தும் ரிக் ஆக ஹம்ப்ரி போகார்ட், அவனுடைய பழைய காதலி இல்சாவாக இங்க்ரிட் பேர்க்மன். இருவரும் சேர்ந்து நடித்த படம் இது ஒன்றுதான். ஆனாலும் அந்த ஜோடிப் பொருத்தத்தை 80 ஆண்டுகள் கடந்தும் பேசுகிறார்கள். இல்சா கடைசியில் யாரோடு போவாள் என்பது படப்பிடிப்பின்போது தனக்கே தெரியாதிருந்தது என்று பேர்க்மன் பின்னாளில் சொன்னார். அந்தத் தடுமாற்றம் அவர் கண்களில் தெரிகிறது. முடிவில் ரிக், தன் கையிலிருந்த பயணப் பத்திரங்களை இல்சாவுக்கும் அவள் கணவனுக்கும் கொடுத்து, விமானம் ஏற்றி அனுப்பிவிடுகிறான்.

அதே படத்தில் சிறு வேடங்களில் உண்மையான அகதித் தம்பதியரும் இருந்தார்கள்: மார்செல் டாலியோ, மடலென் லெபோ. 1940இல் பாரிஸிலிருந்து லிஸ்பன் வழியாகத் தப்பியவர்கள். சிலி நாட்டுக்கென்று வாங்கிய விசா போலியென்று மெக்சிகோவில் தெரியவந்தது. பெரும்பாடுபட்டு அமெரிக்கா சேர்ந்தார்கள். 1942இலேயே மணமுறிவும் வந்துவிட்டது. கடதாசி ஆட்களைக் கரை சேர்க்கும். மனங்களைச் சேர்த்து வைப்பது வேறு வேலை.

இரண்டாவது படம் நம்முடைய கதை: மணிரத்னம் 2002இல் எடுத்த ‘கன்னத்தில் முத்தமிட்டால்’. கடல் கடந்து இராமேஸ்வரம் வந்த ஷ்யாமா, பெற்ற பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டு, போரில் அகப்பட்ட கணவனைத் தேடித் திரும்பிப் போகிறாள். அந்தப் பிள்ளையை வளர்க்க எழுத்தாளன் திரு விரும்புகிறான். மணமானவர்களுக்குத்தான் தத்துக் கொடுக்க முடியும் என்கிறார்கள். உடனே, தன்னை விரும்பிய இந்திராவிடம் வந்து, மணம் முடிப்போமா என்று கேட்கிறான்.

திருவாக மாதவன், இந்திராவாக சிம்ரன். இவர்களுடைய ஜோடிப் பொருத்தம் காதல் பாட்டில் வருவதல்ல. பெற்ற தாயைத் தேடும் மகளை அழைத்துக்கொண்டு போர் நடக்கும் இடத்துக்கே இருவரும் போகிறார்களே, அங்கே அது தெரிகிறது.

ரிக்கின் கையில் கடதாசி இருந்தது. அதைக் கொடுத்துத் தன் காதலை இழந்தான். திருவின் கையில் கடதாசி இல்லை. அதைப் பெறப் போய் ஒரு குடும்பத்தையே பெற்றான். ஷ்யாமாவுக்கோ கணவனும் பிள்ளையும் கடலின் இரு கரைகளில்.

நம் வீடுகளிலும் விசாவுக்காக அவசரமாக நடந்த கலியாணங்கள் உண்டு. ‘இதெல்லாம் காதலா?’ என்று பிள்ளைகள் சிரிப்பதுண்டு. ஒரு விடுமுறை நாளில் இந்த இரண்டு படங்களையும் அவர்களோடு அமர்ந்து பாருங்கள். பிறகு அலுமாரியில் கிடக்கும் அந்தப் பழைய கோவையை எடுத்து, உங்கள் கதையையும் சொல்லுங்கள். கடதாசிக்காகத் தொடங்கியது எப்படிக் குடும்பமாயிற்று என்பதை உங்களைத் தவிர வேறு யாரும் அவர்களுக்குச் சொல்லப் போவதில்லை.