பிரசவ அறையில் ஒரு துணை

(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

 

நம் வீட்டுப் பெண்ணுக்கு வலி கண்டுவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? வண்டி பிடிக்கிறோம், வளைகுடாவில் இருக்கும் மாப்பிள்ளைக்குத் தகவல் சொல்கிறோம், தென்காசியில் மருத்துவமனை வராந்தாவில் பத்துப் பேர் கூடி நிற்கிறோம். கதவுக்கு அப்பால், தலைப்பிரசவத்திற்குச் சென்ற பெண்ணோ தனித்துக் கிடக்கிறாள். எங்கள் குடும்பத்துப் பெண் ஒருத்தியும் ஓர் இரவு முழுவதும் அவ்வாறே கிடந்தாள். பிள்ளை நலமாகப் பிறந்தது. ஆயினும் அந்த இரவைப் பற்றி அவள் இன்றும் பேசுவதில்லை. உள்ளே ஒருவர் உடனிருக்கலாம் என்பதை அன்று நாங்கள் அறிந்திருக்கவில்லை, கேட்கவும் இல்லை.

வீட்டில் பிரசவம் நடந்த காலத்தில் மருத்துவச்சியும் உம்மாவும் பெரியம்மாவும் அருகில் இருந்தனர். பிரசவம் மருத்துவமனைக்கு மாறியதால் எத்தனையோ உயிர்கள் காக்கப்பட்டன, அதில் ஐயமில்லை. ஆனால் அந்தத் துணை வாசலோடு நின்றுவிட்டது.

இக்குறையைப் போக்கவே, பிரசவத்தின்போது உறவுப் பெண் ஒருவர் உடனிருக்கும் திட்டத்தை 2004ஆம் ஆண்டில் தமிழக அரசு தன் மருத்துவமனைகளில் கொண்டுவந்தது. இந்தியாவில் இதனை முதலில் செய்தது நம் மாநிலமே. 2016இல் மத்திய அரசும் அனுமதி அளித்தது. 2018இல் உலக சுகாதார நிறுவனம், தாய் விரும்பும் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. மேலைநாடுகளில் இதற்கெனப் பயிற்சி பெற்ற பெண்களை 'டூலா' என்று அழைக்கின்றனர். 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகள் 2017இல் ஒருங்கே ஆராயப்பட்டன. தொடர்ந்து துணை இருந்தவர்களுக்குச் சுகப்பிரசவம் கூடுதலாகவும், அறுவை சிகிச்சை குறைவாகவும், வலி நேரம் சற்றுக் குறைந்தும் இருந்தது தெரியவந்தது.

துணையாகச் செல்பவர் பிள்ளை பெற்ற அனுபவம் உடையவராகவும், தொற்றுநோய் இல்லாதவராகவும், சுத்தமான உடை அணிந்தவராகவும் இருத்தல் வேண்டும். கையைப் பிடித்துக்கொள்வது, இடுப்பைத் தடவிவிடுவது, வியர்வையைத் துடைப்பது, செவிலியர் அனுமதித்தால் நடக்க வைப்பது, நிதானமாக மூச்சு விடச் சொல்வது ஆகியவையே அவர் பணி. வயிற்றை அழுத்துவதோ, கஷாயம் கொடுப்பதோ, "முக்கு" என்று தாமாகச் சொல்வதோ கூடாது. அவை மருத்துவரும் செவிலியரும் பார்க்க வேண்டியவை. பிள்ளை பிறந்ததும் சீனித் தண்ணீரைத் தேடாமல், முதல் ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் கொடுக்க உதவட்டும்.

உள்ளே செல்வது உம்மாவா, மாமியாரா என்ற வழக்கு வீடுதோறும் எழும். அதைத் தீர்க்க வேண்டியவள் பிள்ளை பெறப்போகும் பெண்தான். அவள் யாரைக் கேட்கிறாளோ அவரே செல்லட்டும். மற்றவர்கள் மனம் வருந்த வேண்டாம்.

ஆகவே ஏழாம் மாதத்திலேயே துணையை முடிவு செய்யுங்கள். பரிசோதனைக்குச் செல்லும்போது அவரையும் அழைத்துச் சென்று, மருத்துவமனையின் விதிமுறைகளை முன்கூட்டியே கேட்டறியுங்கள். குற்றாலத்தில் சீசன் நேரத்தில் சாலை நெரிசலாக இருக்கும். அந்த மாதங்களில் வலி தொடங்கியதும் தாமதியாமல் புறப்படுங்கள்.

தாயை இழந்த பெண்களும், உறவினர் அருகில் இல்லாத பெண்களும் நம் மஹல்லாவில் உள்ளனர். உறவுப் பெண்ணாக நின்று அவர்களுடன் செல்ல எந்தத் தாய்மார்கள் முன்வருவீர்கள்? பெயர் தாருங்கள். அடுத்த ஆண்டறிக்கை வெளிவருமுன், நம் பெண்களில் எவரும் அந்த அறையில் தனித்துக் கிடந்தார் என்ற நிலை இல்லாதிருக்கட்டும்.