ஊர்க் கணக்கும் நம் பாதையும்



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் கல்வியை விடுத்துப் பேருந்தைப் பற்றிப் பேசுவதேன் எனச் சிலர் எண்ணக்கூடும். நம் பிள்ளைகள் பலர் எட்டாம் வகுப்போடு நின்றது அறிவுக் குறைவாலன்று. உயர்நிலைப் பள்ளிக்குச் செல்லும் பேருந்து ஊர் ஆலமரத்தடியிலேயே திரும்பிவிட்டதும் ஒரு காரணம். மழைக்காலத்தில் புத்தகப் பையைத் தலைமேல் சுமந்து வாய்க்காலைக் கடந்தவர்கள் இம்மேடையிலும் அமர்ந்திருக்கிறார்கள்.

பொதுப் பாதையில் நடப்பதற்கே நம் முன்னோர் வாதாட வேண்டியிருந்தது. பொதுச் சாலைகளிலும் தெருக்களிலும் எவ்வகுப்பினரும் நடக்கத் தடையில்லை என்னும் தீர்மானத்தை 1924ஆம் ஆண்டில் சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள். நடக்கும் உரிமை ஏட்டில் ஏறிற்று. பாதையே இல்லாத இடத்தில் அதை எவ்வாறு செலுத்துவது?

சில ஆண்டுகளுக்கு முன் நாம் ஒரு மனு கொடுத்தோம். "இக்கிராமம் ஏற்கெனவே சாலை இணைப்புப் பெற்றது" என்று பதில் வந்தது. அதைப் பொய் என்றே அன்று கருதினோம். விதிகளைப் படித்த பின்னரே விளங்கிற்று. அது பொய்யன்று, கணக்கு.

தலைகளை எண்ணுவதில் நம்மை விட்டுவிடவில்லை. 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி தமிழகத்தின் 7 கோடியே 21 இலட்சம் மக்களில் 1 கோடியே 44 இலட்சம் பேர் பட்டியல் சாதியினர். அதாவது ஐந்தில் ஒருவர். ஆனால் அக்கணக்கின் கிராமப் பதிவேடு, வசதிகளை எழுதும்போது வருவாய்க் கிராமம் முழுவதையும் ஒன்றாகவே எழுதுகிறது. ஊரில் பேருந்து நின்றால் காலனிக்கும் சேர்த்து 'உண்டு'. இல்லையென்றால் 5 கிலோமீட்டருக்குள், 5 முதல் 10 வரை, 10க்கு மேல் என மூன்றே பிரிவுகள். பிரசவ வேதனையில் துடிப்பவளைக் கட்டிலில் சுமந்தவர்களுக்கு அரைக் கிலோமீட்டரும் நான்கு கிலோமீட்டரும் ஒன்றல்ல, பதிவேட்டுக்கு ஒன்றே.

2000ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம், கிராமத்தை விடுத்துக் குடியிருப்பை அலகாகக் கொண்டது. அது நல்லதே. சமவெளியில் 500 பேர் வாழும் குடியிருப்புக்குச் சாலை என்றது. ஆயினும் அதன் விதிகளை ஊன்றிப் படிக்க வேண்டும். 500 மீட்டர் வட்டத்துக்குள் உள்ள குடியிருப்புகளின் மக்கள்தொகையை ஒன்றாகக் கூட்டலாம். எல்லாக் காலத்துக்கும் ஏற்ற சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் இருக்கும் குடியிருப்பு, இணைப்புப் பெற்றதாகவே கொள்ளப்படும். ஆகவே, நம் தலைகளையும் கூட்டி 500 ஆக்கிப் பெற்ற சாலை, ஊர் எல்லையோடு நின்றுவிட இடமுண்டு. தீட்டென்று நம்மைத் தள்ளி வைத்தார்களே, அந்தத் தொலைவுதான் இன்று "அருகில்" என்று எழுதப்படுகிறது!

2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லை. சித்தாள் வேலைக்கும் சந்தைக்கும் செல்லும் நம் தாய்மார்களுக்கு அது மிச்சப்படுத்தும் தொகை சிறிதன்று. ஆனால் இரவு கடைசிப் பேருந்தில் இறங்கி, விளக்கில்லாத வரப்பில் நடக்கும் அந்த அரைக் கிலோமீட்டரை எந்தச் சீட்டும் குறைக்காது. மோட்டார் சைக்கிள் வாங்கிவிட்டோமே என்பர் நம் இளைஞர். அவர்கள் அதில் வேலைக்குப் போனபின், வீட்டிலிருக்கும் பாட்டி எதில் ஏறுவாள்?

அடுத்த மக்கள்தொகைக் கணக்கிற்கு 2027 மார்ச்சு முதல் நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. அதற்கு முன்னரே நமக்கென ஓர் ஏடு வேண்டும்: எத்தனை வீடு, எத்தனை பேர், பள்ளிப் பிள்ளைகள் எத்தனை, கடைசி வீட்டிலிருந்து பேருந்து நிற்குமிடம் எத்தனை மீட்டர், வாய்க்காலில் பாலம் உண்டா, பேருந்து திரும்ப இடமுண்டா. காலனியின் பெயரைத் தனியே குறிப்பிட்டுக் கிராம சபையில் தீர்மானம் எழுதச் செய்ய வேண்டும். வெறுங்குரலுக்கு "இணைப்பு உள்ளது" என்று பதில் எழுதிவிடலாம். அளந்த கணக்குக்கு அவ்வளவு எளிதில் எழுத முடியாது.

சங்கம் அளவு நாடா ஒன்று வாங்கியிருக்கிறது. வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு, கணக்கில் தேர்ந்த மாணவர்கள் ஆலமரத்தடிக்கு வாருங்கள். அங்கிருந்து அளக்கத் தொடங்குவோம்.